செவிக்கு இனிமை, செலவில் நிதானம்

வீட்டில் அமர்ந்து இசை கேட்க ஹெட்போன் வாங்கும்போது, விலைச்சீட்டிலுள்ள தொகையையே முழுச் செலவென நாம் எண்ணிவிடுகிறோம். அது முழுச் செலவாக இருப்பதில்லை.

முதலில் ஓம் அளவைக் காண்போம். புகழ்பெற்ற சென்ஹைசர் எச்.டி.600 ஹெட்போன் 300 ஓம் கொண்டது. அதற்குக் கைப்பேசியின் ஆற்றல் பெரும்பாலும் போதாது. ஆம்ப்ளிஃபயர் தனியே வாங்க நேரிடும். 32 ஓம் வகைகளுக்குப் பொதுவாக அச்செலவு இல்லை.

அடுத்தது வீட்டுச் சூழல். பின்புறம் திறந்த வகையில் இசை விரிந்து ஒலிக்கும். ஆயினும் அது வெளியே கசியும், மின்விசிறியின் ஓசையும் உள்ளே புகும். பலர் புழங்கும் அறைக்கு மூடிய வகையே ஏற்றது.

பெட்டியில் 40,000 ஹெர்ட்ஸ் என்றிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸே.

கம்பியில்லா வகையில் மின்கலம் ஆண்டுதோறும் தேயும். கம்பியுள்ள வகையில் அக்கவலை இல்லை. காதுமெத்தையும் கம்பியும் மாற்றத்தக்கனவாயின் பல்லாண்டு உழைக்கும்.

இறுதியாக, ‘வட்டியில்லாத் தவணை’. பூஜ்ய வட்டி என்பதே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-இல் தெளிவுபடுத்தியது. கடன் அட்டைத் தவணையில் வட்டிக்கும் செயலாக்கக் கட்டணத்திற்கும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. உடனே செலுத்தினால் கிடைக்கும் தள்ளுபடியையும் தவணையின் மொத்தத் தொகையையும் ஒப்பிட்ட பின்னரே முடிவெடுப்போம்.

அவசரமில்லையெனில், ஆறு மாதத் தொடர் வைப்பில் சேமித்து வாங்குவோம். கடனின்றிக் கேட்கும் இசைக்கு இனிமை அதிகம்.