சோபாவுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும், பில்டர் கொடுத்த பிளானின் நகலும் கிடைத்தன. "11-க்கு 18 அடி ஹாலில் 9-க்கு 6 அடி எல் வடிவ சோபா பிடிக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கும். ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். காரணத்தை விவரமாகவே எழுதுகிறேன். ஹால் அமைக்கப்போகிற மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இதைப் பொதுக் கடிதமாக எழுதுகிறேன்.

பிளானில் சோபா, டைனிங் டேபிள், டிவி மூன்றையும் பென்சிலால் அழகாக வரைந்திருக்கிறீர்கள். ஆட்கள் நடக்கும் வழியை மட்டும் வரையவில்லை. நிறைய வீடுகளில் கோளாறு தொடங்குவதே இங்கேதான். சாமானை முதலில் போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் சந்தில் நடந்துகொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். முதலில் நடைவழியைப் போடுங்கள். சாமான் அதற்கு அப்புறம்தான்.

சிவப்புப் பேனா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து சமையலறைக்கு ஒரு கோடு, வாசலிலிருந்து படுக்கையறைப் பக்கம் போகும் நடைக்கு ஒன்று, சமையலறையிலிருந்து டைனிங் டேபிளுக்கு ஒன்று. துணி காயப்போட பால்கனிக்கு ஒன்று. உங்கள் மாமியார் வாக்கர் பிடித்து நடப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் அறையிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கும் சோபாவுக்கும் போகிற வழியைத் தனியாக, அழுத்திப் போடுங்கள். இந்தக் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் 3 அடி அகலம் கொடுத்துவிட்டு, மீதி இருக்கும் தரையில்தான் சாமானுக்கு இடம் தேட வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற அம்மையார், சமையலறை வரைபடத்தில் கோடு போட்டு, ஒரு வேலைக்குப் பெண்கள் எத்தனை நடை நடக்கிறார்கள் என்று காட்டினார். அவருடைய எழுத்தைப் படித்த வியன்னா கட்டடக் கலைஞர் மார்கரெத்தே ஷூட்டே லிஹோட்ஸ்கி, 1926-ல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். நடையைக் கணக்குப் பார்த்துப் போட்டதால் அந்த அளவிலேயே வேலை ஓடியது. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அதே சமையலறையை வைத்தார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு அதுதான் முன்னோடி.

இப்போது உங்கள் ஹாலுக்கு வருவோம். வாசல், 11 அடிச் சுவரின் இடது மூலையில். எதிர்ச் சுவரின் நடுவே 6 அடி ஸ்லைடிங் கதவோடு பால்கனி. சமையலறையும் நடையும் இடது சுவரின் முன்பாதியில் திறக்கின்றன. அதே சுவரில் பால்கனி பக்கமாக 6 அடி வெறும் சுவர் மிஞ்சுகிறது. வலது சுவர் 18 அடியும் ஒரு திறப்பும் இல்லாதது. சொல்லப்போனால் நல்ல ஹால் இது. போக்குவரத்து பெரும்பாலும் வாசல் பக்கத்திலேயே முடிந்துவிடுவதால், வாசல் பக்கம் சாப்பாட்டுக்கு, பால்கனி பக்கம் உட்காருவதற்கு என்று தானாகவே பிரிகிறது. டிவிக்கு அந்த 6 அடிச் சுவர், சோபாவுக்கு எதிரே வலது சுவர். பால்கனி வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் டிவி திரையில் கூசாது. சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் எட்டரை அடி இருக்கும். 55 இஞ்ச் தாராளம்.

எல் சோபாவின் 9 அடி நீளம் வலது சுவரில் அடங்கிவிடும். சங்கடம் கொடுப்பது 6 அடி நீளும் சின்னக் கை. அதைப் பால்கனி பக்கம் போட்டால் 6 அடிக் கதவில் மூன்றரை அடியை மறைத்துக்கொண்டு நிற்கும். மிச்சமிருக்கும் இரண்டரை அடியில் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு தினமும் ஒருக்களித்துப் போய் வர வேண்டும். திருப்பி டைனிங் பக்கம் போட்டால் பால்கனி தப்பிக்கும், ஆனால் மாமியார் நடையிலிருந்து வெளியே வந்ததும் எதிரே சோபாவின் முதுகு நிற்கும். சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாலும், சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவே விடும் 16 இஞ்ச் இடைவெளியில் வாக்கர் நுழையாது. போதாததற்கு எல் வளைகிற மூலை இருக்கையில் உட்காருகிறவருக்குக் கால் வைக்க இடம் இருக்காது. அந்த இடத்துக்கும் சேர்த்துத்தான் கடையில் பணம் கொடுக்கிறோம்.

அதற்குப் பதிலாக 7 அடி மூன்று பேர் சோபா ஒன்றும், தூக்கி நகர்த்தக்கூடிய இரண்டு பிரம்பு நாற்காலிகளும் வாங்குங்கள். கணக்கைப் பாருங்கள்: சோபாவின் ஆழம் 3 அடி, இடைவெளி 16 இஞ்ச், டீபாய் 2 அடி, டிவி ஸ்டாண்ட் ஒன்றரை அடி. 11 அடியில் இதெல்லாம் போக 3 அடிக்குச் சற்று மேல் மிஞ்சும். பால்கனிக்குப் போக அது போதும். டைனிங் டேபிள் 4-க்கு இரண்டரை அடி இருந்தால், குறுகிய பக்கத்தை வலது சுவரில் ஒட்டிப் போடுங்கள். இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்து உட்கார இரண்டரை அடி வீதம் விட்டால் சுவரில் ஏழரை அடி ஆகும். சோபா பகுதிக்குப் பத்தரை அடி கிடைக்கும். மாமியாருக்காக ஒன்று: இருக்கை தரையிலிருந்து 18 இஞ்ச் உயரமும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் இருக்கட்டும். ஷோரூமில் சுகமாக அமுங்குகிற சோபாவிலிருந்து முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்கப் படும் பாடு வீட்டில்தான் தெரியும்.

பலர் மறக்கும் இன்னொன்று தலைக்கு மேலே இருக்கிறது. ஃபேன் மாட்டும் கொக்கி கான்கிரீட் போடும்போதே பதித்தது. நம் ஊர் வெயிலில் ஃபேனுக்குக் கீழே எது வருகிறதோ அங்கேதான் எல்லோரும் உட்காருவார்கள். அதனால் பிளானில் ஃபேன் புள்ளிகளையும் ஸ்விட்ச் போர்டுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பீரோவை நகர்த்தி வைத்த பிறகு பின்னால் பிளக் பாயின்ட் மாட்டிக்கொண்டிருப்பது எத்தனையோ வீட்டில் நடக்கிற கதை.

படுக்கையறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு அறை உள்ள வீட்டில் இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 81 சதுர அடி இருந்தால் போதும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. 6-க்கு ஆறரை அடி கிங் சைஸ் மெத்தை மட்டுமே 39 சதுர அடி. அறையில் பாதியைப் படுக்கையே விழுங்கிவிடும். சின்ன அறைக்கு 5 அடி அகல மெத்தையே நல்லது. வார்ட்ரோபின் ஆழம் 2 அடி, கதவு திறக்க இன்னொரு 2 அடி. அந்த இடம் இல்லையென்றால் ஸ்லைடிங் கதவு போடச் சொல்லுங்கள்.

வாஸ்து கேட்டிருந்தீர்கள். நடைவழி, ஃபேன், கதவு எல்லாம் பார்த்த பிறகு கட்டிலுக்கு இரண்டு இடம்தான் பெரும்பாலும் மிஞ்சும். அந்த இரண்டில் உங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவருவதைத் தேர்ந்தெடுங்கள். சண்டையே வராது.

கடைசியாக அளவு. பில்டர் பிளானில் இருக்கும் எண்ணை நம்பி எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி கார்பெட் ஏரியா என்பதில் வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களின் இடமும் சேர்த்தி. அதனால் அந்த எண் சாமான் போடுகிற தரையின் எண் ஆகாது. அறை அளவும் பூச்சு பூசுவதற்கு முந்தையதாக இருக்கலாம். சாவி கைக்கு வந்ததும் இஞ்ச் டேப்போடு போய் ஒவ்வொரு அறையிலும் இரண்டு முனை, நடு என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். நிலைக் கதவு, லிஃப்ட், படி திரும்பும் இடம் மூன்றையும் அளக்க மறக்காதீர்கள். மாடி ஏறாத சோபாவை எந்தக் கடையிலும் சுலபமாகத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு பழைய செய்தித்தாளை ஒட்டி, சோபா, டீபாய், மேஜை அளவுக்கு வெட்டித் தரையில் விரித்துவிடுங்கள். மாமியாரை அழைத்துப் போய், வாக்கரோடு அறையிலிருந்து மேஜைக்கும் மேஜையிலிருந்து சோபாவுக்கும் நடக்கச் சொல்லுங்கள். நீங்களும் கையில் வாளியோடு பால்கனி வரை போய் வாருங்கள். காகிதத்தை மிதிக்காமல் இரண்டு பேரும் நடந்துவிட்டால் அளவு சரி. மிதித்தால் காகிதத்தை வெட்டிக் குறையுங்கள், பைசா செலவில்லை. அதுவரை கடைக்காரர் எத்தனை சதவீதம் தள்ளுபடி சொன்னாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளர்