ஸ்பெயினில் இராச் சாப்பாடு ஒன்பது மணிக்கு: நீரிழிவு உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

யூன் மாதம் பிறந்துவிட்டால், எனது சிகிச்சை அறைக்கு வரும் எம்மவர்கள் வருத்தத்தைச் சொல்லி முடித்ததும், "டொக்டர், ஸ்பெயினுக்கு ஒரு கிழமை போறம், ஏதும் ஊசி போட வேணுமோ?" என்று கேட்பார்கள். வழமையான தடுப்பூசிகள் போட்டிருந்தால் ஸ்பெயினுக்கென்று தனியாக ஒன்றும் தேவையில்லை. ஆனால் "அங்கே எத்தனை மணிக்குச் சாப்பாடு கிடைக்கும்?" என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். நானும் அதைப் பட்டுத்தான் அறிந்தேன்.

சில வருடங்களுக்கு முன்னர், யூலை மாதத்தில், இரண்டு குடும்பங்களாகத் தென் ஸ்பெயினிலுள்ள கோர்டோபா நகரத்துக்குப் போயிருந்தோம். என் மச்சானுக்கு அப்போது அறுபத்தொரு வயது. நெடுநாளாக நீரிழிவு, கிளிக்லசைட் குளிசை காலையும் மாலையும் எடுப்பவர். இலண்டனில் மாலை ஆறு மணிக்குக் குளிசை, ஆறரைக்குச் சாப்பாடு. அந்த ஒழுங்கு தவறாத மனிதர். கோர்டோபாவிலும் ஆறு மணிக்கு விடுதி அறையில் குளிசையைப் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். நாங்கள் பார்த்த உணவகங்களில் ஒன்றிலும் சமையல் தொடங்கவில்லை. ஒரு கடைக்காரர் கடிகாரத்தைக் காட்டி எட்டரை என்று விரல்களால் சொன்னார். சரி, அதுவரை ஊரைப் பார்ப்போம் என்று பழைய பள்ளிவாசல் பக்கமாக நடந்தோம். வெயில் இன்னும் தணியவில்லை.

சிறிது நேரத்தில் மச்சான் பாதையைப் பற்றி என் மனைவியோடு வாக்குவாதப்படத் தொடங்கினார். அமைதியான மனிதர், இப்படிப் பேச மாட்டார். நெற்றியில் வியர்வை. வெக்கையும் பசியும் என்று நான் நினைத்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வைத்தியம் பார்ப்பவன் அப்படி நினைத்ததை இன்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது. பிறகு அவர் சொற்கள் குழறின. விரலில் குத்திப் பார்த்தபோது சீனியின் அளவு 2.6. நான்குக்குக் கீழே என்றாலே சிகிச்சை உடனே தேவை.

பக்கத்தில் இருந்த சிறு மதுக்கடைக்குள் கூட்டிச் சென்றோம். எனக்குத் தெரிந்த ஒரே ஸ்பானியச் சொல் "அசுக்கார்", அதாவது சீனி. அது போதுமானதாக இருந்தது. கடைக்கார அம்மா தோடம்பழச் சாறும், கோப்பிக்கு வைக்கும் சீனிப் பைக்கற்றுகள் ஒரு கைப்பிடியும் கொண்டுவந்தார். மச்சானின் தோளில் கையை வைத்தபடி அருகிலேயே நின்றார். அவர் தெளிந்தபின், கேட்காமலே முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த பொரியலில் ஒரு துண்டும் பாணும் வைத்தார். காசு கொடுக்க முயன்றபோது பொரியலுக்கு மட்டும் வாங்கினார். சாற்றுக்கு வாங்க மறுத்துவிட்டார்.

இனி விடயத்துக்கு வருவோம். கிளிக்லசைட் போன்ற குளிசைகள் சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் போடும் விரைவு இன்சுலினும் அப்படித்தான். காலையும் மாலையும் கலவை இன்சுலின் போடுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம். மெற்போமின் மாத்திரம் எடுப்பவர்கள் இவ்வளவு பயப்படத் தேவையில்லை. அது தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது.

ஸ்பெயினின் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். காலையில் கோப்பியும், தக்காளியும் ஒலிவ் எண்ணெயும் தடவிய வாட்டிய பாணும். பதினொரு மணியளவில் ஒரு சிறு கடி. மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். இதுதான் அவர்களின் பெரிய சாப்பாடு. நான்கு மணியளவில் சமையலறையைப் பூட்டினால் திறப்பது எட்டு, எட்டரைக்கு. உள்ளூர்க்காரர் இரவில் சாப்பிட உட்காருவது ஒன்பதுக்கும் பத்துக்கும்தான். இதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பூமியில் ஸ்பெயின் இருக்கும் இடத்துக்கு இங்கிலாந்தின் நேரம்தான் பொருந்தும். 1940 இல் பிராங்கோவின் ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள்; பிறகு திருப்பி வைக்கவேயில்லை. கோடையில் சூரியன் மறைய ஒன்பதரை, பத்து ஆகிவிடும். வெயில் தணியாமல் அடுப்படிக்குப் போக யாருக்கு மனம் வரும்?

ஆகவே பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னரே உங்கள் வைத்தியரிடமோ நீரிழிவுத் தாதியிடமோ ஸ்பெயினின் சாப்பாட்டு நேரங்களைச் சொல்லி, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேளுங்கள். கலவை இன்சுலின் போடுபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பொதுவாகச் சொன்னால், சாப்பாட்டோடு எடுக்க வேண்டிய குளிசையைச் சாப்பாடு கண்முன்னே வந்த பிறகு எடுங்கள். விரைவு இன்சுலினும் கோப்பை மேசைக்கு வந்த பின்னர்தான். நாளுக்கொரு தடவை போடும் நீண்டநேர இன்சுலினுக்கு ஒரு மணித்தியால வித்தியாசம் பெரிய விடயமல்ல.

இடைப்பட்ட நேரத்தைத் தாண்ட அந்த ஊர்ப் பழக்கமே வழி வைத்திருக்கிறது. பின்னேரம் ஐந்து, ஆறு மணிக்கு அவர்கள் "மெரியெண்டா" என்று ஒரு சிற்றுண்டி எடுப்பார்கள், எங்கள் நாலுமணித் தேத்தண்ணி மாதிரி. அதோடு மதுக்கடைகளில் கிடைக்கும் சிறு தட்டுகளான "தப்பாஸ்". கிரனாடா நகரில் ஒரு பானம் வாங்கினால் ஒரு தட்டு இலவசமாகவே வரும். மற்றைய பல ஊர்களில் காசு. மதுக்கடை என்றதும் எங்கள் பெண்கள் தயங்குவார்கள். அங்கே அது பாட்டியும் பேரப்பிள்ளையும் கோப்பி குடிக்கும் இடம். 2011 இலிருந்து உள்ளே புகைபிடிக்கவும் தடை. மது எடுக்காதவர்கள் மதுசாரமில்லாத பியர் கேட்டால் எங்கும் கிடைக்கும். மது எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வெறும் வயிற்றில் மதுவும் நீரிழிவு மருந்தும் சேர்ந்தால், சில மணித்தியாலங்கள் கழித்து, நித்திரையில்கூடச் சீனி இறங்கலாம்.

சீனி இறங்கினால் செய்ய வேண்டியது: குளுக்கோஸ் குளிசை ஐந்து, அல்லது பழச்சாறு 150 முதல் 200 மில்லிலீற்றர். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் திரும்பவும் கொடுங்கள். ஏறியதும் பாண், பிஸ்கற் போன்ற மாச்சாப்பாடு. கிளிக்லசைட் எடுத்தவருக்கு சில மணித்தியாலங்களுக்குள் திரும்பவும் இறங்கக்கூடும், தனியே விடக்கூடாது. நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 112 ஐ அழையுங்கள்.

சைவக்காரருக்கும், ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்காக மச்சம் விட்டிருப்பவர்களுக்கும் ஸ்பெயின் கொஞ்சம் சோதனைதான். உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையான "ஹமோன்" பலருக்கு அங்கே இறைச்சிக் கணக்கில் வராது. வாசனைச் சாமான் மாதிரித்தான். பச்சைப் பட்டாணியிலும் போஞ்சியிலும் அதன் துண்டுகள் கிடக்கும். பருப்புக் கறியில் பன்றிச் சொசேஜ் இருக்கும். கலவைச் சலாட்டில் சூரைமீன் இருக்கும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. "நோ கோமோ கார்னே, நி ஹமோன், நி பெஸ்காடோ" என்று சொல்லுங்கள்: இறைச்சியும் ஹமோனும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். செவில் நகரில் கீரையும் கடலையும் சீரகம் போட்டுச் சமைத்த கறி ஒன்று உண்டு. முதல் வாயிலேயே ஊர் நினைவு வந்தது. கத்தரிக்காய்ப் பொரியல் அருமை. ஆனால் அதன் மேல் கரும்புப் பாணி ஊற்றித் தருவார்கள், நீரிழிவுக்காரர் அதைத் தனியாகக் கேளுங்கள். தக்காளி, வெள்ளரி, உள்ளி அரைத்த குளிர் சூப்பான கஸ்பாச்சோ வெயிலுக்கு நல்லது. உறைப்பைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது.

சோற்றுப் பிரியர்கள் பாயேயாவைப் பார்த்ததும் மகிழ்ந்து போவார்கள். அது மத்தியானச் சாப்பாடு. பிறந்த இடமான வலென்சியாவில் கோழியும் முயலும் போஞ்சியும் போட்டுச் செய்வார்கள். கடலுணவுப் பாயேயாவின் சோறே றால், மீன் அவித்த தண்ணீரில்தான் வேகிறது. றால், நண்டு ஒவ்வாதவர்கள் துண்டை எடுத்துவிட்டுச் சோற்றைச் சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் பதினான்கு வகை ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றி உணவகங்கள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஸ்பெயின் சாப்பாடு இருதயத்துக்கு நல்லது என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் உண்டு. ஸ்பெயினில் இருதய நோய் ஆபத்துள்ள ஏறத்தாழ 7,400 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2013 இல் வெளியானது. சில இடங்களில் ஆட்களைப் பிரித்த முறையில் குறை கண்டதால் அதை மீளப்பெற்று, 2018 இல் திருத்தி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை: நல்ல ஒலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்த்த மத்தியதரைக்கடல் உணவு எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை ஏறத்தாழ முப்பது வீதம் குறைவு. அது மரக்கறி, பருப்பு, மீன் அடங்கிய வீட்டுச் சாப்பாடு. விடுமுறையில் நாங்கள் தின்னும் ஹமோனும் பொரித்த கணவாயும் சொக்கலேற்றில் தோய்த்த சுரோஸும் அந்தக் கணக்கில் சேராது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஹமோனிலும் உப்புக் கருவாட்டுக் கறியிலும் அளவாக இருங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. ஹமோன் சமைக்காத இறைச்சி; தவிர்ப்பது நல்லது. குளிரூட்டி வைத்த இறைச்சித் துண்டுகளும் வேண்டாம். 2019 இல் அந்தலூசியாவில் அப்படிப்பட்ட இறைச்சியால் லிஸ்ரீரியாக் கிருமி பரவி இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள்; கருக்கள் கலைந்தன. முட்டைப் பொரியலை நடுவில் நீர்த்தன்மையோடு தருவது அங்கே வழக்கம், நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள்.

தென்பகுதியில் கோடையில் நாற்பது பாகை சாதாரணம். இன்சுலினைக் காரில் விட வேண்டாம்; விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், நனைந்த மணலில் வைத்த மண்பானைக்குள் இன்சுலின் போத்தலை வைத்து மக்கள் காப்பாற்றினார்கள். அதே தத்துவத்தில் ஸ்பானியக் கிராமத்தவர் "போதிஹோ" என்ற மண்குடத்தில் தண்ணீரைக் குளிர வைப்பதைக் கண்டபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இப்போது தண்ணீரில் நனைத்துப் பாவிக்கும் குளிர்ப்பைகள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. தண்ணீர் நிறையக் குடியுங்கள். 2022 ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவகங்கள் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் மெற்போமின், டப்பாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்றவற்றையும் சில இரத்த அழுத்தக் குளிசைகளையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டி வரும். உங்களுக்கு எவை என்று போகுமுன் கேட்டு எழுதி வையுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

மேசையில் அவசரம் வேண்டாம். நீங்கள் கேட்காமல் பில் வராது. அது கவனிப்பில்லாமை அல்ல; விருந்தாளியை எழுப்பக்கூடாது என்ற மரியாதை. சாப்பிட்ட பின்னும் உட்கார்ந்து கதைப்பதற்கு அவர்களிடம் தனிச் சொல்லே இருக்கிறது. பிள்ளைகள் இரவு பதினொரு மணிக்கு மேசைகளைச் சுற்றி ஓடினாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

பிரித்தானியாவில் இருப்பவர்கள் இலவச சுகாதாரக் காப்புறுதி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். அது அரச வைத்தியசாலைகளில் செல்லும். விடுதிக்கு அழைக்கப்படும் வைத்தியர் பெரும்பாலும் தனியார். அவருக்கு அட்டை செல்லாது. நாட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவையும் அது தராது. ஆகவே பயணக் காப்புறுதி எடுங்கள், அதில் நீரிழிவை மறைக்காமல் எழுதுங்கள். மருந்துக்கடைக்குப் பச்சைச் சிலுவை அடையாளம். இரவில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று பூட்டிய கடையின் கதவில் எழுதி ஒட்டியிருப்பார்கள்.