மூணு ராத்திரி ரயில்ல போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ

முதுகுல ஒரு பேக்கை மாட்டிக்கிட்டு அஸ்ஸாம் பாக்கக் கிளம்பறேன்னு சொன்னே, ரொம்ப சந்தோஷம். ஆனா விமானத்துல போய் இறங்கிடாதே. கன்னியாகுமரியிலேர்ந்து திப்ருகர் போற விவேக் எக்ஸ்பிரஸ்ல, அதுவும் ஸ்லீப்பர்ல போ. 2011-ல விட்ட வண்டி. 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, இந்தியாவுல இவ்வளவு தூரம் போற ரயில் வேற கிடையாது. முதுகு வலிக்கும், தலையெல்லாம் புழுதியாகும். இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டுப் போற சுகம் ஏ.சி. பெட்டியில வராது.

டிக்கெட் போடும்போது சைடு லோயர் கேளு. பகல்ல ரெண்டு ஒத்தை சீட்டு, ஒண்ணு உனக்கு, ஒண்ணு மேல் பெர்த்காரருக்கு. ராத்திரி அதை மடக்கிப் படுக்கையாக்கினா நடுவுல ஒரு இடைவெளி விழும், விடிய விடிய இடுப்பைக் குத்தும். பழைய காட்டன் புடவையை நாலா மடிச்சு அந்த இடத்துல போடு. ஸ்லீப்பர்ல போர்வை, தலையணை எதுவும் தரமாட்டாங்க. அந்தப் புடவையே போர்வை, திரை எல்லாம். பையை லோயர் பெர்த்துக்கு அடியில தள்ளி, அங்கே இருக்கிற வளையத்துல செயின் போட்டுப் பூட்டு. பணமும் போனும் தூங்கும்போதும் உடம்போட இருக்கணும்.

விசாகப்பட்டினத்துல வண்டி திசை மாறும். இன்ஜினை மறுகோடியில மாட்டுவாங்க. அதுவரைக்கும் முன்னாடி பாத்து வந்தவங்க, அப்புறம் பின்னோக்கிப் போவாங்க. உனக்குத் தலை சுத்தும்னா எதிர் சீட்டைக் கேட்டு மாறிக்கோ.

மூணு நாளுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டாதே. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி போதும். அப்புறம் ஊர் மாற மாற, ஏறி வர்ற சாப்பாடும் மாறும். வங்காளத்துக்குள்ள நுழைஞ்சதும் ஜால்முரிக்காரர் வருவார். கழுத்துல தொங்கற தட்டுல சின்னச் சின்ன டப்பா. பொரியை ஒரு தகர டப்பாவுல கொட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், கடலை, மசாலா போட்டு, மேல கடுகெண்ணெய் விட்டுக் கடகடன்னு கிளறுவார். காகிதச் சுருள்ல கொட்டி, மேல மெல்லிசா ஒரு தேங்காய்க் கீத்து செருகித் தருவார். கடுகெண்ணெய் நெடி மூக்குல ஏறும், கண்ணுல தண்ணி வரும், ஆனாலும் இன்னொண்ணு கேப்பே. உடனே சாப்பிடு, ரெண்டு நிமிஷத்துல பொரி நமத்துடும்.

கூட வர்றவங்கள்ல நிறைய பேர் கேரளாவுலயும் நம்ம ஊர்லயும் வேலை பாத்துட்டு வீட்டுக்குப் போற அஸ்ஸாம், வங்காள, ஒடிசா பிள்ளைங்க. நம்ம வீடு கட்டறவங்க, நம்ம ஓட்டல்ல பரிமாறறவங்க. அவங்க பேச்சை நம்ம ஊர்ல உட்கார்ந்து கேக்க நமக்கு நேரம் இருந்ததில்ல. இந்த வண்டியில நேரத்தைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. எந்த ஸ்டேஷன்ல குழாய்த் தண்ணி நல்லா வரும், எங்கே இறங்கி ஏற நேரம் இருக்கும்னு அவங்களுக்கு அத்துப்படி. முறுக்கு, கடலை மிட்டாய் எடுத்துட்டுப் போய் நீ முதல்ல நீட்டு, பேச்சு தானா வரும். ஆனா முகம் தெரியாதவங்க கையால குடிக்கவும் திங்கவும் எதையும் வாங்காதே. இதுல மட்டும் வெக்கப்படாம "வயிறு சரியில்ல"ன்னு சொல்லிடு. யாராவது தொந்தரவு பண்ணா 139-க்குப் போன் போடு.

குளிக்க முடியாது. விடியறதுக்கு முன்னாடி, கூட்டம் எழுந்துக்கறதுக்குள்ள ஈரத்துண்டால உடம்பைத் துடைச்சு உடுப்பு மாத்திக்கோ.

வண்டி லேட்டாகும். அவுட்டர்ல நிறுத்திட்டு ஒரு மணி நேரம் அசையாது. அப்ப வாட்சைப் பாக்காதே, ஜன்னலுக்கு வெளிய பாரு. மாட்டை ஓட்டிக்கிட்டுப் போற பாட்டி, குளத்துல குதிக்கற பசங்க. ஓடற வண்டியிலேர்ந்து இதெல்லாம் ஒரு நொடிதான் தெரியும், இங்கே நிதானமாப் பாக்கலாம். கங்கையை ஃபராக்கா அணை மேலேயே தாண்டும்போதும், அப்புறம் பிரம்மபுத்திராவைத் தாண்டும்போதும் தூங்கிடாதே. ரெண்டு இடத்துலயும் கரை வர்ற வரைக்கும் ஜன்னலை விடாதே.

திப்ருகர் போய்ச் சேரும்போது ராத்திரியாயிடும். ரூமை முன்னாடியே போட்டு வை, அடுத்த பஸ்ஸை மறுநாள் வெச்சுக்கோ. புக்கிங் 60 நாளுக்கு முன்னாடி திறக்கும். ஏப்ரல் பிஹுவுக்கும் துர்கா பூஜைக்கும் ஊருக்குப் போற கூட்டம் நெரியும், அந்த வாரங்களை விட்டுட்டுத் தேதி பாரு. திரும்பி வரும்போது வேணும்னா விமானத்துல வா.