பெட்ரோலிய ஆய்வுக்குப் பாறை எடுக்கிறீர்களா? முதலில் கையைக் கழுவுங்கள்

கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பாறை தேடும் மாணவர் முதலில் திசையைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ஆந்திர எல்லைப் பக்கம் நகரி மலைகளில் நிற்பது பழம்பெரும் குவார்ட்சைட். எண்ணெய்க்கு மூலமான கரிமப்பொருளை அதில் தேடிப் பயனில்லை. கிழக்கே பூண்டி, தென்கிழக்கே ஸ்ரீபெரும்புதூர் என்று பரவிக் கிடக்கும் மேல் கோண்டுவானாப் படிவுகளின் ஷேல்தான் நமக்கு வேண்டியது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலான அந்தக் களிப்பாறையில் இலைத் தடங்களும், சில இடங்களில் கடல்வாழ் அம்மோனைட்டுகளும் கிடைத்திருக்கின்றன. இங்கே எண்ணெய்க் கிணறு கிடையாது. ஆனால் ஒரு பாறைக்கு எண்ணெய் தரும் தகுதி உண்டா என்று சோதிக்கக் கற்றுக்கொள்ள நல்ல களம்.

வெளியே தெரியும் ஷேலை அப்படியே பெயர்த்து எடுக்காதீர்கள். வெயிலும் மழையும் அதிலுள்ள கரிமப்பொருளை அரித்திருக்கும். வெளுத்து மஞ்சளோ சிவப்போ பாய்ந்த பகுதியை வெட்டித் தள்ளிவிட்டு, கருஞ்சாம்பல் நிறம் வரும்வரை உள்ளே போங்கள். யாராவது நிலத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. நிலத்துக்காரரிடம் என்ன வேலை என்று விளக்கிச் சொல்லி அனுமதி கேளுங்கள். வெடி வைத்த கிணறா என்றும் விசாரியுங்கள். பாறை வெடிமருந்தில் டீசல் கலப்பதுண்டு. போர்வெல் வண்டி கக்கிய தூளை நம்பவே வேண்டாம். கம்ப்ரஸர் காற்றோடு சுத்தியலுக்கான மசகு எண்ணெயும் சேர்ந்துதான் அது மேலே வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்து வெட்டுமுகத்திலும் தாரும் டீசல் புகையும் படிந்திருக்கும்.

கைச்சுத்தத்தைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை, வெயிலுக்குப் பூசிய கிரீம், திருத்தணி மலையேறிக் கும்பிட்டபோது பூசிய சந்தனம் எல்லாமே கரிமச் சேர்மங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, கை உலர்ந்த பிறகு கல்லைத் தொடுங்கள். சுத்தியலையும் உளியையும் அசிட்டோனால் துடையுங்கள். கல்லின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதக் கூடாது. அலுமினியத் தாளில் சுற்றி, துணிப்பையில் போட்டு, சீட்டை வெளியே கட்டுங்கள். அந்தத் தாளிலும் ஆலையின் எண்ணெய்ப் பூச்சு இருக்கும் என்பதால், முன்கூட்டியே 450 டிகிரி செல்சியஸ் உலையில் சில மணி நேரம் சூடாக்கி வைக்க வேண்டும். பாலித்தீன் பையில் நேரடியாகப் போட்டால், பிளாஸ்டிக்கின் தாலேட்டுகள் பின்னால் பகுப்பாய்வு வரைபடமான குரோமட்டோகிராமில் உயர்ந்து நின்று பாறையின் தடயங்களை மறைக்கும். இடம், ஆழம், தேதி, கிடைத்த விதம் நான்கையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் மேற்பரப்பைச் சுரண்டி நீக்கி, வடிநீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். அடுப்பு தேவையென்றால் 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். மெல்லிய எண்ணெய்கள் ஆவியாகிவிடும். வேர், புல், காரைத் துண்டு இவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பொறுக்குங்கள். பிறகு அகேட் கல்வத்தில், சூடேறாதபடி நிறுத்தி நிறுத்தி அரைத்து, மெல்லிய சல்லடையில் சலியுங்கள். அடுத்த மாதிரிக்கு முன் சுட்டெடுத்த குவார்ட்ஸ் மணலை ஒருமுறை அரைத்துக் கொட்டினால் முந்தைய தூள் ஒட்டியிருக்காது.

தூளைச் சூடாக்கி, வெளிவரும் ஹைட்ரோகார்பனை அளக்கும் ராக்-எவல் கருவிக்கு 60 முதல் 100 மில்லிகிராம் தூள் போதும். முதலில் 300 டிகிரியில் வெளிவரும் ஹைட்ரோகார்பன் எஸ்1. பிறகு வெப்பம் ஏற ஏறப் பாறையின் திடக் கரிமப்பொருளான கெரோஜன் உடைந்து தருவது எஸ்2. எஸ்2 உச்சம் தொடும் வெப்பநிலையான டிமேக்ஸ் சுமார் 435 டிகிரியைத் தாண்டினால்தான் பாறை எண்ணெய் பிறக்கும் பக்குவத்துக்கு வந்ததாகக் கொள்வார்கள். டீசல் கலந்திருந்தால் எஸ்1 பொய்யாக ஏறும். அது எந்த எண்ணெய் என்று கருவி கேட்பதில்லை. மொத்தக் கரிமக் கார்பனைத் தனியாக அளக்க, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கார்பனேட்டைக் கரைத்து, அமிலம் போக நன்றாக அலச வேண்டும்.

பாறை மட்டுமல்லாமல் எண்ணெய் மாதிரியும் வேண்டுமென்றால் காவிரிப் படுகைக்குத்தான் போக வேண்டும். நரிமணம் போன்ற இடங்களில் ஓஎன்ஜிசி எண்ணெய் எடுக்கிறது. கிணற்று வாயில் மாதிரி பிடிப்பது பயிற்சி பெற்ற பணியாளர் வேலை. மாணவர் கிட்டே போகக் கூடாது. கேட்டு வாங்கும்போது தொட்டி எண்ணெய் வேண்டாம், ஒரே கிணற்றுடையது வேண்டும் என்று சொல்லுங்கள். தொட்டியில் பல கிணற்று எண்ணெய் கலந்திருக்கும், மெல்லிய பகுதியும் பறந்திருக்கும். டெஃப்லான் உள்மூடியிட்ட பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை நிரப்பிக் குளிரில் வையுங்கள். நீர் கலந்திருந்தால் சூடாக்கிப் பிரிக்காமல் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். கிணற்றில் என்ன ரசாயனம் ஊற்றினார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அரைத்த பாறைத் தூளில் பாதியைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வையுங்கள். சந்தேகம் வந்தால் மறுபடி சோதிக்க அதுதான் இருக்கும். வெட்டிய கிணற்றில் தண்ணீர் ஏறிய பிறகு அந்தப் பாறை உங்களுக்குத் திரும்பக் கிடைக்காது.