நினைவுக்கு இடம்விடும் படம்



ஒளிப்படம் பார்ப்பவரின் நினைவை எவ்வாறு கிளறுகிறது என்பதை ஆழ்ந்து ஆராய்ந்த நூல்களுள், பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரொலான் பார்த் தம் தாயை இழந்த துயரில் எழுதி 1980இல் வெளியிட்ட ‘லா ஷாம்ப்ர் கிளேர்’ தனியிடம் பெறுகிறது. ஒரு படத்தின் காலம், சமூகச் சூழல் ஆகியவற்றின் மீது கல்வியும் பண்பாடும் தரும் பொதுவான ஈடுபாட்டை அவர் ‘ஸ்டூடியம்’ என்றும், எடுத்தவர் திட்டமிடாமலே படத்தில் அமைந்து ஒருவர் மனத்தைத் தைக்கும் நுண்கூறைப் ‘பங்க்டம்’ என்றும் வகுத்தார்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஸ்டூடியோ நடத்திய ஜேம்ஸ் வான் டெர் சீ 1926இல் எடுத்த குடும்பப் படமொன்றில், நின்றிருக்கும் பெண்ணின் வார் வைத்த காலணியே தம்மைத் தொட்டதாக முதலில் எழுதிய பார்த், படம் கண்முன் இல்லாத பின்னொரு வேளையில், அது அவளுடைய கழுத்தணியே என்று உணர்ந்தார். தங்க இழை பின்னிய அத்தகைய அணியை, மணமாகாமல் தாயுடனேயே வாழ்ந்து மறைந்த அவருடைய அத்தை அணிந்திருந்தார். ஆனால் அப்படத்தில் காணப்படுவது முத்துமாலை என்பதைக் கலை வரலாற்றாளர் மார்கரெட் ஒலின் 2002இல் எடுத்துக்காட்டினார். அப்பிழையாலும் ஓர் உண்மை துலங்குகிறது: படத்தின் நுண்கூறும் பார்ப்பவர் வாழ்ந்த வாழ்வும் கலக்குமிடத்தில் நினைவு பிறப்பதால், எது எவரைத் தைக்கும் என்பதை எடுப்பவர் முன்கூட்டியே தீர்மானிக்க இயலாது. தம் தாய் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் 1898ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய பார்த், பிறருக்கு அது வெறும் பழைய படமாகவே தோன்றும் என்பதால் அதை நூலில் அச்சிடவே இல்லை.

ஆகவே, பார்ப்பவரை உருக வைக்க வேண்டும் என்ற முனைப்பில் படத்துக்குப் பழுப்பு நிறமேற்றுவதையும், உணர வேண்டியதைத் தலைப்பிலேயே சொல்லிவிடுவதையும் இளம் ஒளிப்படக் கலைஞர் தவிர்ப்பது நன்று. படத்திலுள்ள குறைகளைத் திருத்தும் ‘டச்சிங்’ செய்வது குற்றமன்று. வான் டெர் சீயும் நெகட்டிவில் அதைத் திறம்படச் செய்தவரே. ஆயினும் சட்டையில் ஒட்டுப்போட்ட இடத்தையோ, கன்னத்துத் தழும்பையோ, பின்னால் தெரியும் கொடித்துணியையோ அழிக்குமுன், படத்திலிருப்போரின் குடும்பத்தில் எவரேனும் பிற்காலத்தில் அதைத் தேடக்கூடுமா என்று எண்ணிப் பார்ப்பது கடமையாகும். படத்திலிருப்போர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பிரின்ட்டின் பின்புறம் எழுதிவைப்பதும் அக்கடமையின் பகுதியே. கண்ட பொருளை அதன் நுணுக்கங்களோடு காப்பாற்றித் தருவதே கலைஞர் பொறுப்பு. அதற்குப் பொருள் காணும் உரிமை பார்ப்பவருடையது.