முகப்பருவும் மாணவரும்

பருவ வயதில் இயக்குநீர்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. மிகுந்த எண்ணெயும் உதிர்ந்த செல்களும் மயிர்க்கால்களை அடைக்க, அங்கே நுண்ணுயிர்கள் பெருகி அழற்சி உண்டாகிறது, இதுவே முகப்பரு. அழுக்கு இதற்குக் காரணமன்று. ஆதலின் அழுந்தத் தேய்த்தலும் கிள்ளுதலும் தழும்பையே தரும். நாள்தோறும் இருமுறை மென்மையான சோப்பினால் கழுவுதல் போதும். மருத்துவர் தரும் களிம்பு பயனளிக்க 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம்.

பெங்களூர் ஒக்கலிபுரத்திலாயினும் சிற்றூரிலாயினும், அதுவரை பொறாத மாணவர் சிலர் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமே வாங்கிப் பூசுவர். அது சில நாள் சிவப்பைத் தணிக்கும். பின்னர்த் தோலை மெலிவித்துப் பருவை மிகுவிக்கும். ஆகவே 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய 14 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுத்தது. ஆசிரியர் வகுப்பில் ஏளனத்தைத் தடுத்து, வலியுள்ள கட்டிகள் கண்டவுடன் மாணவரைத் தோல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.