மலையிலிருந்து பி.எஸ்ஸி. சேரப் போகும் தங்கைக்கு

பிளஸ் டூ முடித்து ஜவ்வாது மலையிலிருந்தோ கல்வராயனிலிருந்தோ பி.எஸ்ஸி. படிக்கக் கீழே இறங்கப் போகிறாய். வீட்டில் உனக்கு முன்னால் கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லையென்றால், கேட்க ஆள் இருக்காது. அதனால் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சான்றிதழ். பழங்குடியினர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, நேரில் வா என்று நாள் இழுக்கும். உன் கையில் இன்னும் இல்லையென்றால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பித்துவிடு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். தம்பிகளுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வாங்கினால் புதுமைப் பெண் பணம் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று மட்டும் வங்கிக்கே போய்க் கேட்டுவிடு. பல பேருக்குப் பணம் நிற்பது அங்கேதான்.

அடுத்தது பாடம். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலத்தில் இயற்பியல் கேட்டால் முதல் மாதம் ஒன்றும் பிடிபடாது. ‘எனக்கு மூளை இல்லை’ என்று அப்போது முடிவு கட்டிவிடாதே. பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்கள் இரண்டு மொழியிலும் ஒரே பாடத்தோடு வருகின்றன. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் ஆங்கிலப் புத்தகத்தை இலவசமாக இறக்கிக்கொள். வெப்ப இயக்கவியலைத் தமிழில் ஏற்கெனவே படித்தவள் நீ. அதே பாடத்தைப் பக்கத்தில் வைத்து ஆங்கிலத்தில் படி. பொருள் தெரியும் என்பதால் சொல் மட்டும்தான் புதிதாக இருக்கும். சேர்க்கைக்கு முந்தைய விடுமுறையில் நீ செய்யக்கூடியதில் இதைவிட உருப்படியானது எனக்குத் தெரியவில்லை.

லேப் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். உன் பள்ளியில் ஆய்வகம் பூட்டியே கிடந்திருக்கலாம். குழுவாகச் செய்யச் சொன்னால் தெரிந்தவர்கள் பியூரெட்டைப் பிடிப்பார்கள், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ரீடிங் எழுதும் வேலையை உன்னிடம் தள்ளுவார்கள். ஏற்காதே. நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்துவது கைப்பழக்கத்தால் மட்டுமே வரும். ‘அடுத்த டைட்ரேஷன் நான் செய்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல். லேப் உதவியாளரிடம் மரியாதையாகக் கேட்டால், கூட்டம் குறைந்த நேரத்தில் இன்னொரு முறை செய்து பார்க்கவும் விடுவார். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தை அந்தந்த வாரமே வாங்கிவிடு.

மாநில ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு ஒரு சதவீதம்தான். வகுப்பில் நீ ஒருத்தியாகவே இருக்கலாம். அதனால் விடுதியில் மேல் வகுப்பு அக்கா ஒருத்தியைப் பிடித்துக்கொள், எந்தத் துறையாக இருந்தாலும் சரி. உன் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்காக வகுப்பில் வாயை மூடிக்கொள்ளாதே. பழங்குடியினரின் அறிவு அறிவியலுக்கும் உதவுகிறது: மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் பாம்பு நஞ்சிலிருந்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். அங்கிருந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தாவரவியலில் எந்த இலை எந்த மாதம் துளிர்க்கும் என்று பாட்டியிடம் கற்றது உனக்கு உதவும். அதைத் தேதி போட்டுக் குறித்து வைத்தால் அதுவே ஆய்வுக் குறிப்பு.

அறுவடைக்கோ திருவிழாவுக்கோ வீட்டிலிருந்து கூப்பிடுவார்கள். போ, ஆனால் வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் கணக்குப் பார்த்துப் போ. செமஸ்டர் என்றால் என்ன, எப்போது தேர்வு என்று அம்மாவுக்கு முன்கூட்டியே விளக்கிவிடு. தேதி தெரிந்தால் அவர்களே அந்த நாட்களில் கூப்பிட மாட்டார்கள்.

ஓர் அரியர் விழுந்தால் படிப்பை விட்டுவிடாதே. அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம்.

அறிவியல் அகாதெமிகள் கோடையில் இரண்டு மாதம் உதவித்தொகை கொடுத்து ஆய்வகங்களில் வேலை பழக்குகின்றன. அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும், பார்த்துக்கொள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படிக்க ஜாம் என்று ஒரு தேர்வு இருக்கிறது. மூன்றாம் ஆண்டு செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் கட்டணம் பாதிதான்.